பச்சையும் வண்ணத்துப் பூச்சியும்



ஆனி மாதத்தில் நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிற் பெருவிழா நிகழும் நாட்களில், குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்று பார்ப்போருக்கு ஓர் உண்மை எளிதிற் புலனாகும். இத்தீவுகளை விட்டுச் சென்றோர் எத்தனை தேசங்களிற் பரந்து வாழ்கின்றனர் என்பதே அது. ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் பாரிசிலிருந்தும் வந்தோரும், வேலணையிலும் புங்குடுதீவிலும் நெடுந்தீவிலும் இன்றும் வாழ்வோரும் ஒரே வெயிலில் ஒரே படகுக்காகக் காத்து நிற்பர்.

சில ஆண்டுகளுக்கு முன் அத்துறையில் நான் கண்ட ஒரு சிறு நிகழ்ச்சியே இன்றைய பேச்சுக்குக் காரணமாயிற்று. கனடாவிலிருந்து வந்த இளம்பெண் ஒருத்தி சேலையுடுத்துப் பூத்தட்டு ஏந்தி நின்றாள். அவளுடைய மணிக்கட்டின் உட்புறத்தில் நீலநிறத்தில் ஒரு வண்ணத்துப் பூச்சி பச்சை குத்தப்பட்டிருந்தது. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், "கோயிலுக்கு வாற கோலமோ இது?" என்று முணுமுணுத்தார். வாய்திறந்து சொல்லாவிடினும் என் மனமும் அவ்வாறே முணுமுணுத்தது. பல்லாண்டுகள் பாடசாலை அதிபராக இருந்தவனுக்குக் கண்டிப்பது இயல்பாகவே வந்துவிடுகின்றது.

அப்பொழுது, எண்பது வயதைக் கடந்த நெடுந்தீவு மூதாட்டி ஒருவர் அப்பெண்ணின் கையைப் பற்றி அந்தப் பூச்சியை விரலால் தடவிப் பார்த்தார். "நொந்ததோ, பிள்ளை?" என்று கேட்டார். "ஓம் அம்மம்மா, கொஞ்சம் நொந்தது" என்றாள் அவள். ஆச்சி தம் சேலைத் தலைப்பை ஒதுக்கி முன்கையை நீட்டினார். அங்கே புள்ளிகளும் கோடுகளுமாக, வயதினால் மங்கிய ஒரு பச்சைக் கோலம் இருந்தது. "எனக்கும் நொந்ததுதான்" என்று சொல்லிச் சிரித்தார்.

நான் மனத்துள் வகுத்திருந்த தீர்ப்பு அச்சிரிப்பின் முன் நிற்கவில்லை. ஆச்சியின் பச்சைக்கும் பெண்ணின் வண்ணத்துப் பூச்சிக்கும் இடையே உள்ள தொலைவு எவ்வளவு? இரண்டும் ஒன்றையொன்று அறியாத அந்நியங்களா, அல்லது ஒரே கேள்விக்கு இரு காலத்தவர் அளித்த இரு விடைகளா? இதனையே இன்று ஆராய விழைகின்றேன்.

முதலிற் பெயரை நோக்குவோம். குத்தும் மை கரியினால் ஆயது, நிறத்தாற் கறுப்பு. ஆயினும் தோலின் கீழே தங்கியபின் அது நீலமும் பச்சையும் கலந்த சாயலாகத் தோன்றும். அதனாலேயே தமிழர் அதனைப் பச்சை என்றனர். சிங்கள மொழியிலும் இக்குறி 'பச்ச' என்றே வழங்குகின்றது. நாடோடிகளாக ஊசியும் மையும் கொண்டு ஊர்தோறும் திரிந்த மக்களோடு சொல்லும் சேர்ந்தே பயணம் செய்திருக்கலாம்.

தமிழகத்திற் பச்சை குத்தும் தொழில் பெரும்பாலும் குறவர் குலப் பெண்களின் கையில் இருந்தது. 1885 முதல் 1908 வரை சென்னை நூதனசாலையின் தலைவராயிருந்த எட்கர் தேர்ஸ்டன், 1906இல் வெளியிட்ட தென்னிந்திய இனவியற் குறிப்புக்களில் இத்தொழிலை விரிவாக எழுதியுள்ளார். மஞ்சளையும் அகத்தியிலையையும் சேர்த்துத் துணியிற் பொதிந்து திரியாக்கி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரிப்பர். மேலே கவிழ்த்த சட்டியிற் படியும் கரியைச் சுரண்டித் தாய்ப்பாலிற் குழைப்பர். ஊசிகளைச் சேர்த்துக் கட்டி, வரைந்த கோட்டின் வழியே குத்திச் செல்வர். பின்னர் மஞ்சள் பூசி வீக்கத்தைத் தணிப்பர். விளக்கு, மஞ்சள், தாய்ப்பால் என்னும் இம்மூன்றும் எங்கள் வீடுகளின் மங்கலப் பொருள்கள் என்பதை நேயர்கள் நினைவிற் கொள்ளல் வேண்டும். அக்குத்து வெறும் அலங்காரமாகக் கருதப்படவில்லை என்பதற்கு அதுவே சான்று.

குத்தப்பட்ட உருவங்கள் யாவை? புள்ளி, கோடு, வட்டம், கோலச் சிக்கல், தேள், மீன், மலர், பெயரெழுத்து என்பன பெருவழக்கு. நீலகிரியில் வாழும் தோடர் பெண்கள் மார்பிலும் தோளிலும் கையிலும் புள்ளிகளையே வரிசை வரிசையாகக் குத்திக்கொண்டனர். இதற்கும் பன்னெடுங்காலம் முந்திய சங்க நூல்களில், மகளிர் தோளிலும் மார்பிலும் சந்தனக் குழம்பினால் எழுதிய தொய்யில் என்னும் கோலம் பேசப்படுகின்றது. கரும்பும் கொடியும் அதிற் சிறப்பாக எழுதப்பட்டன. தொய்யில் நீராடினால் அழிவது; பச்சை உடல் உள்ளளவும் அழியாதது. இவ்விரண்டின் வேறுபாடும் அதுவே.

அழியாமை என்னும் அவ்வியல்பைப் பற்றியே பச்சையைச் சூழ்ந்த ஆழமான நம்பிக்கையும் வளர்ந்தது. பொன்னும் மணியும் சாவின் வாயிலிற் கழற்றப்படும். உறவினர் அவற்றைப் பங்கிட்டுக் கொள்வர். உடன் செல்லும் அணி பச்சை ஒன்றே என்னும் எண்ணம் இந்தியாவின் பல பகுதிகளில் வாழும் மக்களிடையே உண்டு. ஏழைப் பெண்ணுக்கும் எவரும் பறிக்கவொண்ணாத ஆபரணம் ஒன்று உண்டு என்பதே அதன் உட்கருத்து.

தீவுப்பகுதி ஆடவரின் உடலிற் பச்சை வந்த வழி வேறு. ஊர்காவற்றுறை பழம்பெருந் துறைமுகம். நயினாதீவில் உள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்ச் சாசனம் பன்னிரண்டாம் நூற்றாண்டினது. பிறதேசத்தார் ஊராத்துறையிலேயே வந்து இறங்கவேண்டும் என்றும், யானையும் குதிரையும் கொணரும் மரக்கலங்கள் உடைந்தால் நாலிலொன்று அரசனுக்கும் மூன்றுபங்கு உடையவனுக்கும் உரியன என்றும் அது விதிக்கின்றது. இத்தகைய துறைகளுக்குப் பொருள்களோடு பழக்கங்களும் வந்திறங்கும். என் சிறுபராயத்தில் ஊர்காவற்றுறைக் கடைத்தெருவில் அமர்ந்திருந்த முதிய கடலோடிகள் சிலரின் புயத்தில் நங்கூரமும் குருசும் கண்டிருக்கிறேன். ஒருவரின் கையிலே இரங்கூனிற் குத்திய பறவைநாகம் ஒன்று இருந்தது. பர்மியர் பச்சை குத்துவதிற் பேர்போனவர். அங்கு கூலிவேலைக்குச் சென்ற தமிழர் பலர் அந்நாட்டுக் கோலங்களைத் தம் உடலில் ஏந்தியே மீண்டனர்.

ஆனால், நான் சிறுவனாகக் கண்ட எவரது கையிலும் வண்ணத்துப் பூச்சி இருந்ததில்லை. இஃது ஏன்?

தமிழ்ப் புலவர் பூவைப் பாடும்பொழுது வண்டையும் மறவாது பாடினர். சுரும்பு, ஞிமிறு, தும்பி என்று அவற்றுக்குத் தனித்தனிப் பெயரும் வைத்தனர். குறுந்தொகையின் இரண்டாஞ் செய்யுள் தும்பியை முன்னிலைப்படுத்திக் கேள்வி கேட்பது யாவரும் அறிந்ததே. அவை பேசப்படும் அளவுக்கு வண்ணத்துப் பூச்சி பேசப்படவில்லை. வண்டு பாடும், தேன் உண்ணும், தூது செல்லும். ஆதலால் அது காதலுக்கு உவமையாயிற்று. ஓசையின்றிப் பறக்கும் பூச்சி சிறுவர்க்கு விளையாட்டுப் பொருளாக மட்டும் நின்றுவிட்டது. யாழ்ப்பாணத்தவர் அதனை வண்ணாத்திப் பூச்சி என்றும் தமிழகத்தவர் பட்டாம்பூச்சி என்றும் அழைப்பர். பெயர்கள் அழகியன, எனினும் ஆழ்ந்த குறியீடாக அது எம் உடலில் ஏறவில்லை. ஆச்சியின் காலத்திற் பச்சை நிலைபேற்றைக் குறித்தது. ஒருகணம் அமர்ந்து மறுகணம் பறந்துவிடும் பூச்சிக்கு அதில் இடம் ஏது?

பிற தேசங்களில் இதன் கதை வேறாகும். பண்டைக் கிரேக்க மொழியிற் 'சைக்கீ' என்னும் ஒரே சொல் ஆன்மாவையும் வண்ணத்துப் பூச்சியையும் குறித்தது. கிறித்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த அரிஸ்டோட்டில் தம் விலங்கியல் நூலிலே பூச்சியை அச்சொல்லாலேயே குறிக்கின்றார். மயிர்க்கொட்டியாக ஊர்ந்து, கூட்டுப்புழுவாக அடங்கி, பிணம்போற் கிடந்து, பின் சிறகோடு எழும் அவ்வுயிர், உடலை விட்டு நீங்கும் ஆன்மாவை அவர்களுக்கு நினைவூட்டிற்று. சீனத்திற் பூச்சியைக் குறிக்கும் சொல்லும் எழுபது எண்பது வயது முதுமையைக் குறிக்கும் சொல்லும் ஒத்த ஒலியுடையன. ஆதலின் அது நீண்ட ஆயுளின் சின்னம். அங்கே பிரிந்து மாண்ட காதலர் இருவர் பூச்சிகளாகிப் பறந்த கதையும் வழங்குகின்றது. யப்பானில் தைரா என்னும் போர்க்குடியினரின் குலச்சின்னம் வண்ணத்துப் பூச்சியே. மெக்சிக்கோவிற் கார்த்திகைத் தொடக்கத்தில் இறந்தோரை நினைக்கும் நாட்களிலே கூட்டங்கூட்டமாக வந்துசேரும் மொனார்க் பூச்சிகளை, வீடு திரும்பும் மூதாதையர் என்பர்.

எங்கள் நாட்டிலும் இதற்கு ஒப்பான நம்பிக்கை ஒன்று உண்டு. சிவனொளிபாத மலையைச் சிங்களவர் 'சமனல கந்த', அதாவது வண்ணத்துப் பூச்சி மலை என்று அழைப்பர். பருவகாலத்திற் கூட்டமாகப் பறந்து செல்லும் பூச்சிகள் அம்மலையை வணங்கி அங்கேயே உயிர்விடச் செல்கின்றன என்பது முன்னோர் மொழி. பூச்சியும் யாத்திரிகனாகக் கருதப்பட்ட தேசம் இது.

இச்சின்னம் உடலின்மேல் ஏறிய வரலாறு கடலோடு தொடர்புடையது. 1769இல் தாகித்தித் தீவை அடைந்த கப்டன் குக்கின் குழுவினர் அத்தீவார் சொல்லாகிய 'ததௌ' என்பதை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர். ஆங்கிலத்தில் இன்று வழங்கும் 'டற்றூ' அதன் திரிபாகும். 1891இல் நியூயோர்க் நகரைச் சேர்ந்த சாமுவேல் ஓரைலி என்பவர், எடிசன் ஆக்கிய மின்பேனாவின் அமைப்பைத் தழுவிப் பச்சை குத்தும் மின்பொறிக்கு உரிமம் பெற்றார். கையூசியால் நெடுநேரம் குத்திய கோடு இப்பொழுது விரைவில் முடிந்தது. மெல்லிய கோடும் பல வண்ணமும் எளிதாயின. வண்ணமே உடலான பூச்சிக்கு இதைவிடத் தக்க கருவி வேறு இல்லை.

இருபதாம் நூற்றாண்டில் இதற்கு இன்னொரு பொருளும் ஏறிற்று. பிரெஞ்சுக் கயானாவின் தண்டனைக் குடியிருப்பிலிருந்து தப்பிய ஆன்றி சரியேர் 1969இல் வெளியிட்ட நூலின் பெயர் 'பப்பியோன்'. பிரெஞ்சு மொழியில் வண்ணத்துப் பூச்சி என்பது பொருள். தன் மார்பிற் குத்தியிருந்த பூச்சியாலேயே அவர் அப்பெயர் பெற்றார். நூலிற் கூறியவை யாவும் அவருக்கே நிகழ்ந்தனவோ என ஐயுற்றோர் பலர். ஆயினும் அந்நூலின் பின் அப்பூச்சி, பூட்டிய கதவைத் தாண்டும் விடுதலையின் அடையாளமாக உலகெங்கும் அறியப்பட்டது.

இனி, இன்றைய கோலங்களின் வகைகளைச் சிறிது காண்போம். சிறகிரண்டையும் முழுதாக விரித்து மேலிருந்து பார்ப்பதுபோல் எழுதுவது ஒருவகை. இது இருபாலும் ஒத்தது, எங்கள் கோலங்களின் சமநிலையை நினைவூட்டுவது. சிறகை மடித்து மலர்மேல் அமர்ந்ததாகப் பக்கவாட்டில் எழுதுவது இன்னொரு வகை. இஃது அமைதியைக் குறிக்கும் என்பர். நிழலிட்டு, தோலின்மேல் உயிர்ப்பூச்சி வந்தமர்ந்ததுபோல் மயக்குவதும் உண்டு. ஒரே கோட்டால் முடிப்பதும், ஒரு சிறகை மலராலும் மறு சிறகை இயல்பாகவும் எழுதுவதும் உண்டு. இரு பூச்சிகளைச் சேர்த்து எழுதுவது துணையைக் குறிக்கும். உடற்பகுதிக்குப் பதிலாக அரைப்புள்ளி இட்டுச் சிறகு வரைவது அண்மைக் காலத்தது. வாக்கியத்தை முடித்துவிடக்கூடிய இடத்தில் முடிக்காமல் தொடர்வதற்கு இடுவது அரைப்புள்ளி. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்திலிருந்து மீண்டோர் அதனை அணிகின்றனர். இலக்கணம் கற்பிக்கும் என்னைப் போன்றோருக்கு இதனைவிட உருக்கமான நிறுத்தக்குறி வேறு உண்டோ?

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். ஒரு குறி அணிந்தவருக்கு ஒன்றும் பார்ப்பவருக்கு மற்றொன்றுமாகப் பொருள்படும். 2014இல், புயத்திலே புத்தர் உருவத்தைப் பச்சை குத்தியிருந்த பிரித்தானியப் பெண் ஒருவர் கட்டுநாயக்கா விமான நிலையத்திற் கைதுசெய்யப்பட்டு நாடுகடத்தப்பட்டார். அவர் அணிந்தது பக்தியினால். பார்த்தோர் கண்டது அவமதிப்பு. 2017இல் உயர் நீதிமன்றம் அவருடைய அடிப்படை உரிமை மீறப்பட்டதெனத் தீர்த்து, இழப்பீடும் வழங்கப் பணித்தது. குறிகட்டுவான் துறையில் முணுமுணுத்த பெரியவரும், மனத்துள் முணுமுணுத்த நானும் அதே பிழையைச் சிறிய அளவிற் செய்தவர்களே. கேட்டறியுமுன் படித்து முடித்துவிட்டோம்.

அணிபவர் தாமே விரும்பி ஏற்ற குறி ஒன்று. பிறர் சுமத்திய குறி மற்றொன்று. இத்தீவுகளில் மாடுகளுக்கு உடையவனின் எழுத்தைக் குறிசுடும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. மாடு அக்குறியை விரும்பிக் கேட்டதில்லை. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் எங்கள் தீவுகளுக்கும் அவ்வாறே குறிசுட்டனர் என்று சொல்லலாம். வேலணைக்கு லெய்டன், காரைதீவுக்கு அம்ஸ்ரடாம், புங்குடுதீவுக்கு மிடில்பர்க், நயினாதீவுக்குக் ஹார்லெம், அனலைதீவுக்கு ரொட்டர்டாம், நெடுந்தீவுக்கு டெல்வ்ற் எனத் தம் ஊர்ப்பெயர்களை இட்டனர். பெரும்பாலானவை மக்கள் நாவிலிருந்து மறைந்துவிட்டன. நெடுந்தீவின் பெயர் மாத்திரம் இன்றும் தேசப்படங்களில் டெல்வ்ற் என்றே நிற்கின்றது. ஆயினும் அத்தீவார் தம்மை நெடுந்தீவார் என்றே சொல்லிக் கொள்வர்.

ஆச்சியின் கையிலுள்ள பச்சை, அவர் சிறுமியாக இருந்தபொழுது பெரியோர் தீர்மானித்துக் குத்துவித்தது. இன்ன வீட்டுப் பெண், இன்ன வழக்கத்தைச் சேர்ந்தவள் என்று அது சொல்லிற்று. இளம்பெண்ணின் பூச்சி அவளே தெரிந்தெடுத்தது; தான் கடந்துவந்த ஏதோ ஒன்றைச் சொல்வது. முன்னையது சேர்ந்த இடத்தைக் கூறுவது. பின்னையது கடந்த வழியைக் கூறுவது. வேறுபாடு உண்மையானதே. ஆயினும் ஆழ்ந்து நோக்கினால் இரண்டும் ஒரு புள்ளியிற் சந்திக்கின்றன. யாவும் கைவிட்டுப் போனபின் எம்மோடு எஞ்சுவது எது என்பதே அக்கேள்வி. பச்சை ஆன்மாவோடு செல்லும் அணி என்றனர் எம் முன்னோர். பூச்சியோ ஆன்மாவின் உருவமே என்றனர் கிரேக்கர்.

இக்கேள்வி தீவுப்பகுதியாருக்கு ஏட்டுக் கேள்வியன்று. 1990, 1991ஆம் ஆண்டுகளிற் போரின் காரணமாக ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு முதலிய ஊர்களின் மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். வீடும் காணியும் கிணறும் பனைவளவும் பின்னே நின்றன. கையிற் கொண்டுபோன நகைகளும் அரிசிக்கும் மருந்துக்கும் பயணச் செலவுக்குமாக ஒவ்வொன்றாக விற்கப்பட்டன. நிழற்படங்களும் உறுதிகளும் எத்தனையோ குடும்பங்களில் அழிந்துபோயின. அந்நாட்களில் ஒரு மூதாட்டியின் முன்கையிலிருந்த பச்சை, எவரும் அடகு பிடிக்க இயலாத ஒரே ஆபரணமாக நின்றது. பழைய நம்பிக்கை மறுமையைப் பற்றிச் சொன்னது இம்மையிலேயே மெய்யாயிற்று.

பச்சை ஏன் அழிவதில்லை என்பதற்கு அறிவியல் தரும் விடையும் சிந்திக்கத்தக்கது. 2018இற் பிரான்சிய ஆய்வாளர் சிலர் எலிகளின் தோலை ஆராய்ந்தனர். தோலின் உட்படையிலுள்ள ஒருவகை உயிரணுக்கள் மையை விழுங்கி வைத்துக்கொள்கின்றன. அவ்வுயிரணுக்கள் நெடுங்காலம் வாழ்வனவல்ல. ஒன்று மாளும்பொழுது விட்ட மையை அடுத்து வரும் உயிரணு ஏற்றுக்கொள்கின்றது. காப்போர் மாறிக்கொண்டேயிருக்கக் கோலம் மாத்திரம் நின்று நிலைக்கின்றது. ஒரு சமூகத்தின் நினைவு நிலைப்பதும் இவ்வாறன்றோ? கொடுப்போரும் வாங்குவோரும் உள்ளவரையில் அது வாழும். வாங்குவோர் இல்லாதவிடத்து மங்கும்.

இளைஞர் எல்லோரும் பச்சை குத்திக்கொள்ள வேண்டுமென்று நான் சொல்ல வரவில்லை. தூய்மையற்ற ஊசியால் ஈரல் அழற்சி முதலிய நோய்கள் தொற்றும். குத்தியபின் சிலகாலம் இரத்ததானம் செய்யவும் இயலாது. பதினாறு வயதில் விரும்பிய உருவத்தை அறுபது வயதிலும் சுமக்க வேண்டும் என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். ஆசிரியரும் பெற்றோரும் இவற்றை எடுத்துச் சொல்வது கடமை. ஆனால் குத்தியபின் வந்து நிற்கும் பிள்ளையிடம் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி எது என்பதை அந்த ஆச்சி எனக்குக் கற்பித்தார். பள்ளிக்கூடம் அதிகம் கண்டிராத அவர் கேட்ட கேள்வி, பட்டம் பெற்ற எனக்குத் தோன்றாமற் போயிற்று.

அன்று படகு வந்தது. அலை சற்று மிகுந்திருந்தது. இளம்பெண் ஆச்சியின் கையைப் பிடித்துப் படகில் ஏற்றினாள். பச்சைக் கோலம் கிடந்த முன்கையும் நீலப் பூச்சி அமர்ந்த மணிக்கட்டும் ஒன்றையொன்று பற்றியிருந்தன. நயினாதீவுக் கோபுரம் கண்ணுக்குத் தெரியும்வரை ஆச்சி தம் பச்சையின் கதையைச் சொல்லிக்கொண்டே சென்றார். அப்பெண் கேட்டுக்கொண்டே வந்தாள்.